'மூலத்தில் இல்லை' என்று பேச்சை முடிக்கும் டோல்கீன் வாசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மூத்த வாசகர்களுக்கு,

வணக்கம்.

ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் கற்பனை நாவலான லார்ட் ஆஃப் தி ரிங்ஸைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் நீங்கள். அந்த உலகின் புராணமான சில்மரில்லியனில் யார் யாருக்கு என்ன உறவு என்று கேட்டால் புத்தகத்தைத் தொடாமலே சொல்வீர்கள். டோல்கீன் விட்டுப்போன கையெழுத்துப் பிரதிகளை அவர் மகன் கிறிஸ்டோபர் 1983 முதல் 1996 வரை பன்னிரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தாரே, அவற்றை அடிக்குறிப்பு விடாமல் படித்தவர்களும் உங்களில் உண்டு. இந்த உலகத்துக்குள் என்னை அழைத்துப் போனவர்களும் உங்களைப் போன்றவர்கள்தான். அந்த நன்றி இருப்பதால்தான் மனதில் உள்ளதை மறைக்காமல் எழுதுகிறேன்.

2022 செப்டம்பரில் அமேசான் பிரைமில் அந்த உலகத்தின் பழங்காலத்தைச் சொல்லும் தி ரிங்ஸ் ஆஃப் பவர் தொடர் வந்தது. தமிழ் டப்பிங்கிலும் வந்தது. அதுவரை டோல்கீன் பக்கமே வராத பலர் அதைப் பார்த்துவிட்டு நம்மிடம் கேள்விகளோடு வந்தார்கள். எல்ஃப் என்ற மூப்பில்லா இனத்தின் அரசி கலாட்ரியல் எதற்குக் கவசம் போட்டுக்கொண்டு சண்டைக்குப் போகிறார்? தீய படையாட்களான ஆர்க்குகளுக்குக் குழந்தை உண்டா? குள்ளர் இனப் பெண்களுக்குத் தாடி எங்கே? மந்திரவாதி கேண்டால்ஃபுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? எல்லாமே நல்ல கேள்விகள். நம்மில் பலர் அவற்றுக்குக் கொடுத்த பதில் ஒன்றுதான்: "மூலத்தில் அப்படி இல்லை. போய்ப் படித்துவிட்டு வா."

இந்தப் பதிலை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். கேட்பவரின் முகம் வாடுகிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பல இடங்களில் அந்தப் பதில் உண்மையே இல்லை. நாம் மூலம், கேனன் (அதிகாரபூர்வக் கதை) என்றெல்லாம் சொல்கிறோமே, அதில் சில பகுதிகள் யாரோ ஒரு வாசகர் கேள்வி கேட்டதால் எழுதப்பட்டவை. சில பகுதிகள் கேள்வியால் திருத்தப்பட்டவை.

1958 அக்டோபரில் டோல்கீன் எழுதிய ஒரு கடிதம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ரோனா பேர் என்ற வாசகி, ரசிகர்கள் கூடும் ஒரு கூட்டத்தில் பதில்களைச் சொல்வதற்காகக் கேள்விகளை எழுதி அவருக்கு அனுப்பியிருந்தார். அதில் ஒரு கேள்வி குதிரையைப் பற்றியது. எல்ஃப்கள் சேணமும் கடிவாளமும் இல்லாமல்தான் குதிரை ஏறுவார்கள். அப்படியிருக்க, கதாநாயகன் ஃப்ரோடோவைத் தேடி வரும் க்ளோர்ஃபிண்டல் என்ற எல்ஃபின் வெள்ளைக் குதிரைக்கு மட்டும் கடிவாளம் எங்கிருந்து வந்தது?

டோல்கீன் எரிச்சல்படவில்லை. வித்தை காட்டுகிறவன் கைப்பிடி உள்ள சைக்கிளையும் ஓட்டலாமே என்று முதலில் விளையாட்டாகச் சொல்கிறார். அப்புறம் நேராக விஷயத்துக்கு வருகிறார். அந்த அத்தியாயம் ரொம்ப ஆரம்பத்தில் எழுதியது, எல்ஃப்கள் விலங்குகளோடு எப்படிப் பழகுவார்கள் என்று அப்போது தான் யோசித்திருக்கவில்லை, கவனமில்லாமல் விழுந்த சொல் அது என்று ஒப்புக்கொள்கிறார். க்ளோர்ஃபிண்டலின் குதிரைக்குத் தலையைச் சுற்றிக் கற்களும் சிறு மணிகளும் வைத்த அலங்கார வார் இருந்திருக்கும், வாயில் இரும்பு நிச்சயமாக இருந்திருக்காது, மாற்றிவிடுகிறேன் என்கிறார். மாற்றவும் செய்தார். இன்று நம் கையில் இருக்கும் பதிப்பில் அந்தக் குதிரைக்குக் கடிவாளம் கிடையாது. ஒரு வாசகியின் கேள்வி மூலத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது. அந்தக் கேள்வியை இன்று ஒருவர் முதன்முறையாகக் கேட்டால் நம்மில் எத்தனை பேர் "இதெல்லாம் ஒரு கேள்வியா" என்று முகத்தைத் திருப்பியிருப்போம்?

அவருடைய ஹாபிட் நாவலுக்கு நடந்தது இன்னும் பெரியது. 1937-ல் வந்த முதல் பதிப்பில், குகையில் வாழும் கோல்லம் ஓரளவு நாணயமான ஆள். விடுகதைப் போட்டியில் தோற்றால் மோதிரத்தைப் பரிசாகத் தருவதாக ஒப்புக்கொள்கிறான். மோதிரம் காணவில்லை என்றதும் மன்னிப்புக் கேட்கிறான், தன்னோடு போட்டியிட்ட பில்போ என்ற ஹாபிட்டுக்கு (ஹாபிட்டுகள் குட்டி உருவ மக்கள்) வெளியே போக வழி காட்டுகிறான். பின்னால் அதே மோதிரம் உலகையே ஆட்டிப்படைக்கும் பொருளாக வளர்ந்தபோது இந்தக் காட்சி ஒத்துவரவில்லை. 1951 பதிப்பில் அத்தியாயம் மாறியது. பழைய வடிவத்தை டோல்கீன் தூக்கிப் போட்டுவிடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். அது பில்போ நண்பர்களிடம் சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே இடம் கொடுத்தார். நேர்மையான ஒரு ஹாபிட் இப்படிப் பொய் சொல்கிறாரே என்று கேண்டால்ஃபுக்குச் சந்தேகம் வருவதற்கு அதுவே காரணமாகிவிட்டது. 1950-ல் ஒருவர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு "மூலத்தில் கோல்லம் மோதிரத்தைத் தருவதாகச் சொல்கிறான்" என்று வாதாடியிருந்தால் அவர் சொன்னது சரி. அடுத்த வருடமே தப்பு.

பெயர்களுக்கு வருகிறேன். நம்மிடையே சண்டை அதிகம் நடப்பது அங்கேதான்.

ஹாபிட் நாவலில் வரும் குள்ளர்கள் தோரின், ட்வாலின், ஃபிலி, கிலி எல்லாம் வோலுஸ்பா என்ற பழைய நார்ஸ் பாடலில் வரும் குள்ளர் பட்டியலிலிருந்து எடுத்த பெயர்கள். கேண்டால்ஃப் என்ற பெயரும் அதே பட்டியலில் இருக்கிறது. ஹாபிட்டின் முதல் வரைவில் கேண்டால்ஃப் என்பது குள்ளர் தலைவனின் பெயர். மந்திரவாதியின் பெயர் ப்ளாடோர்தின். பிறகுதான் மாறியது. ஃப்ரோடோவே பல வரைவுகளில் பிங்கோதான். பின்னால் அரசனாகும் அரகோர்னின் இடத்தில் முதலில் இருந்தது மரச்செருப்புப் போட்ட ட்ராட்டர் என்ற ஒரு ஹாபிட். எந்தப் பெயரும் வானத்திலிருந்து விழவில்லை.

நார்ஸ் பெயர்களை அள்ளிப் போட்டது டோல்கீனுக்கே உறுத்தியது. 1937 டிசம்பரில் எழுதிய ஒரு கடிதத்தில், பெயர்களில் ஒழுங்குள்ள தன் சொந்தப் புராணத்தைத்தான் தான் விரும்புவதாகவும், ஹாபிட்டில் வரும் அந்தக் குள்ளர் கூட்டத்தில் தனக்குப் பெரிய திருப்தி இல்லை என்றும் சொல்கிறார். பிரச்சினை நியாயமானதுதான். நார்வேயும் ஐஸ்லாந்தும் இல்லாத ஒரு பழைய உலகத்தில் நார்ஸ் பெயர் எப்படி வரும்?

அவர் கண்டுபிடித்த விடை 1955-ல் மூன்றாம் பாகத்தின் பின்னிணைப்பில் வந்தது. நாம் படிப்பது ஒரு மொழிபெயர்ப்பு என்று வைத்துவிட்டார். ஹாபிட்டுகள் பேசிய பொதுமொழியை ஆங்கிலமாகவும், ரோஹன் என்ற குதிரைவீரர் நாட்டு மக்களின் மொழியைப் பழைய ஆங்கிலமாகவும், வடக்கே டேல் நகர மக்களின் மொழியை நார்ஸாகவும் தான் மாற்றிக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். குள்ளர்கள் வெளியாரிடம் பழகும்போது அந்த வடக்கத்தியப் பெயர்களை வைத்துக்கொண்டார்கள். உண்மைப் பெயரை வேறு இனத்தார் எவருக்கும் அவர்கள் சொல்வதில்லை, கல்லறையில்கூடப் பொறிப்பதில்லை. ஃப்ரோடோவின் தோட்டக்காரன் சாமின் நிஜப்பெயர் பனஸீர். நண்பன் மெர்ரியின் பெயர் கலிமாக். ஃப்ரோடோ அந்த மக்களின் வாயில் மௌரா. அது அச்சில் வந்ததே 1996-ல்தான். யோசித்துப் பாருங்கள், மோரியா சுரங்கத்தில் பாலின் என்ற குள்ளரின் கல்லறை முன்னால் இன்னொரு குள்ளரான கிம்லி நிற்கும் காட்சியில், கல்லில் இருக்கும் பெயருக்கு அடியில் இன்னொரு பெயர் இருக்கிறது, அது கிம்லிக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. பெயர் வைத்ததில் வந்த ஒரு சங்கடத்திலிருந்து இது பிறந்தது. யாரும் "ஏன்?" என்று கேட்காத உலகத்தில் இது நடந்திருக்காது. இங்கே கேட்டவர் டோல்கீனேதான் என்பது உண்மை. அவரும் தன் கதையின் முரண்டு பிடிக்கும் வாசகர்தான்.

க்ளோர்ஃபிண்டலும் இதே வகை. கோண்டோலின் நகரம் வீழ்ந்தபோது பால்ராக் என்ற நெருப்புப் பூதத்தோடு மோதி இறந்த ஒரு எல்ஃபுக்கு அவர் பல வருடங்களுக்கு முன்பே வைத்த பெயர் அது. லார்ட் ஆஃப் தி ரிங்ஸில் அதிகம் யோசிக்காமல் அந்தப் பெயரை இன்னொருவருக்குப் போட்டுவிட்டார். தன் கடைசிக் காலத்தில் உட்கார்ந்து யோசித்து, இருவரும் ஒருவரே, இறந்து மீண்டும் உடல் பெற்று வந்தவர் என்று முடிவு செய்தார். எல்ஃப்கள் இறந்தபின் என்ன ஆகிறார்கள் என்பது பற்றி அவர் எழுதியதில் அருமையான சில பக்கங்கள் இந்த இரட்டைப் பெயரால் வந்தவை.

இந்தப் பின்னணியோடு புதிய பெயர்களைப் பார்ப்போம். ரோஹன் அரசன் ஹெல்மின் மகளுக்குப் பின்னிணைப்பில் பெயரே இல்லை. அவளைத் தன் மகனுக்குக் கேட்டு ஒருவன் வருகிறான், அவமானப்படுகிறான், அதிலிருந்து ஒரு போர் மூள்கிறது. போருக்குக் காரணமானவளுக்குப் பெயர் கிடையாது. 2024-ல் வந்த தி வார் ஆஃப் தி ரோஹிரிம் அனிமே படம் அவளுக்கு ஹேரா என்று பெயர் வைத்தது. கிரேக்கத் தெய்வத்தை நினைவுபடுத்துகிறது என்ற குறை நியாயம்தான். ஆனால் அப்பா ஹெல்ம், அண்ணன்மார் ஹாலெத், ஹாமா. ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களைக் குடும்பத்துக்குள் வைப்பது பழைய ஆங்கில மரபு. அதை மதித்து வைத்த பெயர் என்பதால் நான் ஹேரா பக்கம்.

கேண்டால்ஃப் விஷயத்தில் நான் தி ரிங்ஸ் ஆஃப் பவர் தொடரின் பக்கம் இல்லை. 2024 அக்டோபரில் இரண்டாம் பருவம் முடியும்போது, குட்டி மக்கள் 'கிராண்ட் எல்ஃப்' என்று கூப்பிட்டதிலிருந்து அந்தப் பெயர் வந்ததாகக் காட்டினார்கள். புத்தகத்தில் கேண்டால்ஃப் என்பது வடக்கத்திய மனிதர்கள் வைத்த பெயர். எல்ஃப்களுக்கு அவர் மித்ராந்திர், குள்ளர்களுக்குத் தார்கூன், தெற்கே இன்கானுஸ். ஒவ்வொரு மக்களிடமும் ஒரு பெயர், ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு பயண வரலாறு. தொடர் அதையெல்லாம் ஒரு ஆங்கிலச் சொல்லைக் குழப்பிக் கேட்டதாகச் சுருக்கிவிட்டது. "கிழக்கே நான் போவதில்லை" என்று அவரே சொன்னதாக கோண்டோர் நாட்டுத் தளபதி ஃபராமிர் நினைவுகூர்கிறான். தொடரோ அவரைக் கிழக்கே ரூன் பாலைவனத்தில்தான் அலையவிட்டது. இது என் கருத்து. இதற்குக் காரணங்களைச் சொல்லியிருக்கிறேன், நீங்கள் மறுக்கலாம். 'மூலத்தில் இல்லை' என்ற ஒற்றை வரியில் இந்த உரையாடலே நடந்திருக்காது.

கலாட்ரியல். நம் கூட்டத்தில் அதிகம் சூடேறிய பெயர். "அவர் அமைதியான அரசி, வாள் பிடிப்பவர் அல்ல" என்று அடித்துச் சொன்னவர்கள் நம்மில் நிறைய. டோல்கீன் 1973-ல் எழுதிய ஒரு கடிதத்தில், இளம் வயதில் கலாட்ரியலுக்கு அமேசான் வீராங்கனைகளின் சுபாவம் என்றும், விளையாட்டுப் போட்டிகளில் இறங்கும்போது கூந்தலைக் கிரீடம்போல் சுற்றிக் கட்டிக்கொள்வார் என்றும் இருக்கிறது. அம்மா அவருக்கு வைத்த பெயர் நெர்வென். ஆணுக்கு நிகரான பெண் என்ற பொருளில் வைத்தது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் புதியவர் கேட்கும்போது ஏன் சொல்வதில்லை?

அவருடைய வரலாறும் ஒன்றாக இல்லை. 1967-ல் டோல்கீனே வெளியிட்ட குறிப்பின்படி கலாட்ரியல் மேற்கின் தேவர்களை மீறி எல்ஃப்கள் செய்த கலகத்தின் தலைவர்களில் ஒருவர், அதனால் மேற்கே திரும்பத் தடை விதிக்கப்பட்டவர். 1973 ஆகஸ்டில் எழுதிய கடிதத்திலோ அவர் களங்கமே இல்லாதவர், எந்தத் தீங்கும் செய்யாதவர். செப்டம்பர் 2-ஆம் தேதி டோல்கீன் காலமானார். கடைசி மாதம் வரை அந்தப் பாத்திரத்தை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்கு முதல் கலாட்ரியலையே பிடிக்கும். தவறு செய்து, தண்டனை ஏற்று, ஃப்ரோடோ நீட்டிய மோதிரத்தை மறுத்து அதன் வழியே மன்னிப்புப் பெறும் பெண் அவர். களங்கமில்லாதவர் என்று ஆக்கிவிட்டால் அந்த மறுப்பின் கனம் குறைந்துவிடுகிறது. தொடரில் எனக்கு உறுத்தியதும் கவசமில்லை. அந்த மோதிரத்தைச் செய்த தீய தலைவன் சவ்ரானின் காலத்தில் அவர் ஆயிரக்கணக்கான வருடம் வாழ்ந்தவர், செலபோர்னின் மனைவி, ஒரு மகளின் தாய். முதல் பருவத்தில் ஓரிடத்தில் செலபோர்னைப் பற்றிப் பேசுவதை விட்டால், முதல் இரண்டு பருவங்களில் அந்த வயதும் அந்தக் குடும்பமும் அவர் பேச்சில் பெரிதாக இல்லை. ஒரு இளம் தளபதியிடம் பேசுவதுபோல எல்லோரும் அவரிடம் பேசுகிறார்கள்.

அடுத்தது நிறம். இங்கே கொஞ்சம் காட்டமாகவே எழுதுகிறேன். 2022-ல் அந்தத் தொடரில் நடித்த கறுப்பின, பழுப்பு நிற நடிகர்கள் மீது கொட்டிய வசவு நம் வாசகர் சமூகத்தின் பெயரால் நடந்தது. நடிகர்கள் கூடி அறிக்கை விட வேண்டிய நிலை வந்தது. நம்மில் பலர் வசைபாடவில்லை, உண்மை. "மூலத்தில் எல்ஃப்கள் வெள்ளை" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றோம். அந்த வரி பின்னிணைப்பில் இருக்கிறது, மறுக்கவில்லை: வெளிர் தோல், சாம்பல் கண்கள், கருங்கூந்தல். ஆனால் அந்த வர்ணனை முதலில் நோல்டோர் என்ற ஒரு பிரிவினரைப் பற்றி மட்டுமே எழுதப்பட்டது என்று கிறிஸ்டோபர் சுட்டிக்காட்டியிருக்கிறார். தொடரில் வரும் அரொந்திர் காட்டில் வாழும் சில்வன் எல்ஃப், நோல்டோர் இல்லை. ஹார்ஃபூட் என்ற பிரிவு ஹாபிட்டுகளுக்கோ லார்ட் ஆஃப் தி ரிங்ஸின் முன்னுரையிலேயே மற்றவர்களைவிடப் பழுப்புத் தோல் என்று தெளிவாக இருக்கிறது. இதைப் பேசியிருக்க வேண்டியவர்கள் நாம். நமக்குத்தான் பக்க எண் தெரியும்.

டோல்கீனை இதில் முழுக்கப் பாதுகாக்கவும் எனக்கு மனமில்லை. 1938-ல் ஹாபிட்டை ஜெர்மனில் வெளியிட நினைத்த பதிப்பகம் அவர் ஆரிய வம்சமா என்று விசாரித்தபோது, அந்த இனக் கோட்பாடே நச்சு, அறிவியலுக்கு ஒவ்வாதது என்று தன் பதிப்பாளருக்கு எழுதியவர் அவர். இருபது வருடம் கழித்து, ஒரு திரைக்கதையைப் பற்றிக் குறிப்பு எழுதும்போது ஆர்க்குகளின் முகத்துக்கு மங்கோலியச் சாயலை இழிவான பொருளில் இழுத்தவரும் அவரே. இரண்டும் அச்சில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பேசுவதுதான் அவரை உண்மையாகப் படிப்பது.

ஆர்க்குகளின் விஷயத்தில் அவருக்கே நிம்மதி இல்லை. பிடிபட்ட எல்ஃப்களைச் சிதைத்து உண்டாக்கியவர்கள் என்பது 1977-ல் வந்த சில்மரில்லியனில் இருக்கிறது. அது கிறிஸ்டோபர் தொகுத்த வடிவம். கடைசிக் காலக் கட்டுரைகளில் டோல்கீன் மனிதர்களிலிருந்து வந்தவர்களா, விலங்குகளா என்றெல்லாம் மாற்றி மாற்றி யோசிக்கிறார். பேசத் தெரிந்த, சிந்திக்கத் தெரிந்த ஓர் இனம் முழுவதும் மீளவே முடியாத தீமை என்று சொல்ல அவருடைய கத்தோலிக்க மனம் இடம் கொடுக்கவில்லை. தொடரின் இரண்டாம் பருவத்தில் ஒரு ஆர்க் கைக்குழந்தையோடு நின்றபோது கொதித்தெழுந்தீர்களே, 1963-ல் ஒரு வாசகிக்கு எழுதிய பதிலில் ஆர்க் இனத்தில் பெண்கள் இருந்திருக்கத்தான் வேண்டும் என்று டோல்கீனே சொல்லியிருக்கிறார். ஹாபிட் நாவலிலேயே போல்க் என்ற ஆர்க் அஸோக் என்ற ஆர்க்கின் மகன்.

இன்னொன்று. சவ்ரானின் நாட்டு எல்லையில் இருக்கும் கிரித் உங்கோலின் சுரங்க வழியில், மயங்கிக் கிடக்கும் ஃப்ரோடோவைத் தூக்கிப் போகும்போது ஷக்ராட், கோர்பாக் என்ற இரண்டு ஆர்க்குகள் பேசிக்கொள்வதை இன்னொரு முறை படியுங்கள். இருவரும் படையில் நடுத்தர அதிகாரிகள். மேலிடத்தைத் திட்டுகிறார்கள், போர் முடிந்தால் நம்பகமான சில பையன்களைக் கூட்டிக்கொண்டு எங்காவது போய்விடலாம் என்கிறார்கள். கொள்ளை நன்றாகக் கிடைக்க வேண்டும், மேலே பெரிய தலைகள் இருக்கக் கூடாது. கெட்டவர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் அவர்களுக்கும் சலிப்பு இருக்கிறது, கனவு இருக்கிறது. ஆர்க்குக் குழந்தையைப் பார்த்து வியந்த புதியவருக்கு இந்தப் பக்கத்தைக் காட்டியிருந்தால் அவர் அன்றிரவே இரண்டாம் பாகத்தை எடுத்திருப்பார்.

கேட்டால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு எனக்கு நெருக்கமான உதாரணம் ஹராத் என்ற தெற்குத் தேசம். இத்திலியன் காட்டில் சாம் முதன்முதலாக மனிதர்களுக்குள் நடக்கும் போரைப் பார்க்கிறான். தெற்கத்திய வீரன் ஒருவன் அவனுக்குச் சில அடி தூரத்தில் விழுந்து இறக்கிறான். கிழிந்த சிவப்பு உடை, தங்கம் கோத்துப் பின்னிய கருங்கூந்தல், உடைந்த வாளின் பிடியை இன்னும் பற்றியிருக்கும் பழுப்புக் கை. முகம் தெரியவில்லை. அவன் பெயர் என்ன, எந்த ஊர், நிஜமாகவே கெட்டவனா, யார் சொன்ன பொய்யை நம்பி அல்லது யாருக்குப் பயந்து இவ்வளவு தூரம் வந்தான், ஊரிலேயே இருந்திருக்கலாமே என்றெல்லாம் சாம் யோசிக்கிறான். நானும் தெற்கே வெயிலில் பிறந்தவன், பழுப்புத் தோல்காரன். அந்தப் பத்தியை என்னால் வேகமாகக் கடக்க முடிந்ததே இல்லை. பீட்டர் ஜாக்சனின் இரண்டாம் படத்தில், நீட்டித்த பதிப்பில், இந்த எண்ணம் ஃபராமிரின் வாயில் வருகிறது. எனக்கு அது சாமிடம்தான் இருக்க வேண்டும். தோட்டக்காரன் ஒருவனுக்கு இது தோன்றுவதில்தான் அதன் அழகு.

அவன் பெயர் நமக்குத் தெரியாது. அவன் மக்கள் தங்களை என்ன சொல்லிக்கொண்டார்கள் என்பதும் லார்ட் ஆஃப் தி ரிங்ஸில் எங்கும் இல்லை. ஹராத் என்பது எல்ஃப் மொழியில் வெறும் 'தெற்கு'. ஹாபிட்டுகள் தங்கள் கதைகளில் அவர்களை ஸ்வெர்ட்டிங்குகள் என்கிறார்கள். எல்லாம் அடுத்தவர் வைத்த பெயர்கள். குதிரைக் கடிவாளத்தைப் பற்றிக் கேட்ட அதே 1958 கடிதத்தில், கதையில் தோன்றாத மற்ற இரு மந்திரவாதிகள் கிழக்கேயும் தெற்கேயும் போயிருக்க வேண்டும், அவர்கள் தோற்றிருப்பார்கள் என்று அஞ்சுகிறேன் என்கிறார் டோல்கீன். தன் கடைசி வருடங்களில் அதையும் மாற்றினார். அவர்கள் முன்பே வந்தவர்கள், சவ்ரானின் படைகள் பெருகாமல் கிழக்கில் தடுத்தவர்கள் என்று எழுதினார். அப்படியென்றால் அந்தத் தேசங்களில் சவ்ரானை எதிர்த்த மக்கள் இருந்தார்கள் என்றாகிறது. அவர்கள் கதையை யாரும் எழுதவில்லை. 1951-ல் ஒரு பதிப்பாளருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், சில கதைகளை முழுதாக எழுதி மற்றவற்றைக் கோட்டோவியமாக விட்டு, ஓவியமோ இசையோ நாடகமோ தெரிந்த வேறு மனங்களுக்கும் கைகளுக்கும் இடம் வைக்க ஆசைப்பட்டதாக டோல்கீன் சொல்கிறார். அடுத்த சொல்லிலேயே அதை அபத்தம் என்று தள்ளியும் விடுகிறார். நம்மில் ஒரு தரப்பு முதல் வரியை மட்டும் மேற்கோள் காட்டும், மறு தரப்பு கடைசிச் சொல்லை மட்டும். இரண்டையும் சேர்த்தே காட்டுங்கள்.

நடைமுறையில் நான் கேட்பது இவ்வளவுதான். 'மூலத்தில் இல்லை' என்று சொல்ல வேண்டி வந்தால், எந்த நூல், எந்த வருடம், டோல்கீன் தன் கையால் வெளியிட்டதா அல்லது மேசையில் விட்டுப்போன வரைவா என்று கூடவே சொல்லுங்கள். சில்மரில்லியனைப் படமாக்கும் உரிமை அந்தத் தொடர்க்காரர்களிடம் இல்லை, பின்னிணைப்புகளை வைத்துத்தான் எழுதினார்கள் என்பதையும் சொல்லுங்கள். ஆயிரத்து எழுநூறு வருட நிகழ்ச்சிகளை ஒரே தலைமுறைக்குள் அடைத்தது அவர்கள் எடுத்த முடிவு, அதைத் தாராளமாகக் குறை சொல்லுங்கள். பால்ராக்குக்குச் சிறகு உண்டா என்று ஒருவர் கேட்டால் "இதை எப்போதோ பேசி முடித்தாயிற்று" என்று சொல்லாதீர்கள். முடியவே இல்லை. நிழல் இரண்டு சிறகுகள்போல் விரிந்தது என்று ஓரிடத்திலும், சிறகுகள் சுவருக்குச் சுவர் விரிந்தன என்று சற்றுத் தள்ளியும் இருக்கிறது. இரண்டு வரிகளையும் வாசித்துக் காட்டிவிட்டு அவரையே சொல்ல விடுங்கள்.

அடுத்த முறை கூடும்போது ஹராத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. சாம் அந்த வீரனைப் பார்க்கும் நான்காம் புத்தகத்தின் நான்காம் அத்தியாயம், மொழிகளைப் பற்றிய பின்னிணைப்பு, 1958 கடிதம் மூன்றும் போதும். தொடரை மட்டும் பார்த்தவர்களையும் கூப்பிடுங்கள், அவர்கள் முதலில் பேசட்டும். அந்த மக்கள் தங்களுக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள், எந்த ஓசைகளில் வைத்திருப்பார்கள் என்று பேசிப் பார்ப்போம். தேதியை நீங்களே முடிவு செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் சக வாசகன்